5 மாடு, 25 லிட்டர், மாசக் கடைசியில் கைநஷ்டம்: காசு எங்கே ஒழுகுது?

கட்டுத்தரை_கோபி

வணக்கங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம், ஜெர்சி கலப்பு மாடு அஞ்சு வெச்சிருக்கோம். கணக்கை அப்படியே எழுதறேன், விவரம் தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுங்க.

கறக்கறது மூணு. நாளைக்கு 11, 9, 6 லிட்டர். வீட்டுக்கு ஒண்ணு போக 25 லிட்டர் பால் சொசைட்டிக்குப் போகுது. நாலாவது மாடு ஏழு மாசச் சினை, வத்திப் போச்சு. அஞ்சாவது கன்னு போட்டுப் பத்து மாசம். சினை ஊசி நாலு தடவை போட்டும் நிக்கலை, பாலும் நின்னு போச்சு.

ஃபேட் (கொழுப்பு) 3.9, எஸ்.என்.எஃப் (கொழுப்பு போக மீதித் திடச்சத்து) 7.9 சதவீதம். லிட்டருக்குச் சராசரி 33 ரூபா விழுது. 30 நாளைக்கு 24,750.

செலவு: மூட்டைத் தீவனம் கறவை மாட்டுக்கு ஆளுக்கு 4 கிலோ, மத்த ரெண்டுக்கும் 2 கிலோ, மொத்தம் 16 கிலோ. கிலோ 31 ரூபா, மாசம் 14,880. வைக்கோல் நாளைக்கு 25 கிலோ, கிலோ 6 ரூபான்னு 4,500. டாக்டர், மருந்து, ஊசி 1,500. மாடு வாங்கின பேங்க் கடன் தவணை 5,400. எல்லாம் சேர்த்து 26,280. கையிலிருந்து 1,530 போடறோம். அரை ஏக்கர் கோ-5 தீவனப் புல் இருக்கு. கூலியாள் கிடையாது, வீட்டு ஆளுங்க ரெண்டு பேர்தான்.

ரெண்டை வித்துக் கடனைக் கட்டிடலாமா, இல்ல இன்னும் ரெண்டு வாங்கி அளவைக் கூட்டலாமா?

---

ஐந்தொகை

வாங்கவே வேண்டாம். விற்பதை அப்புறம் பேசலாம். நீங்கள் மொத்தமாகக் கூட்டியதால் உண்மை மறைந்திருக்கிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் தனி வரி போட்டுப் பாருங்கள்.

11 லிட்டர் மாடு: வரவு 363. தீவனம் 124, வைக்கோல் 30. மிச்சம் 209.
9 லிட்டர் மாடு: வரவு 297. அதே 154 செலவு. மிச்சம் 143.
6 லிட்டர் மாடு: வரவு 198. அதே 154. மிச்சம் 44.
கறக்காத இரண்டும்: தலைக்கு 92 வீதம் தினம் 184 செலவு.

இந்த 184ஐ 30ஆல் பெருக்கினால் 5,520. உங்கள் பேங்க் தவணை 5,400. வட்டிக்காரனைத் திட்டுகிறோம், ஆனால் அதே அளவு காசைச் சும்மா நிற்கிற இரண்டு மாடுகள் தின்கின்றன. அதில் ஏழு மாசச் சினை தின்பது முதலீடு, அடுத்த ஈத்தில் திரும்பி வரும். பத்து மாசமாகச் சினை பிடிக்காதது தின்பதுதான் ஒழுகல்.

சிறு பண்ணையின் லாபத்தை முடிவு செய்வது கறவை அளவைவிடக் கன்றுக்கும் கன்றுக்கும் இடையே உள்ள நாட்கள்தான். 13 மாதத்துக்கு ஒரு கன்று, அதில் 60 நாள் வற்றல் என்றால் 395 நாளில் 335 நாள் பால் வரும், அதாவது 85 சதவீதம். ஐந்தில் நான்கு மாடு எப்போதும் கறவையில் இருக்கும். இதே இடைவெளி 18 மாதமாக நீண்டால், மாடு 305 நாள் கறந்தாலும் 548 நாளில் அது 56 சதவீதம்தான். ஐந்தில் மூன்றுகூட இல்லை. இப்போது உங்கள் கட்டுத்தரை இருக்கிற நிலை கிட்டத்தட்ட இதுதான். இந்த நிலையில் இரண்டு வாங்கிச் சேர்த்தால் ஒழுகல் பெரிதாகும், அவ்வளவுதான்.

அடுத்தது, மூன்று கறவைக்கும் ஒரே டப்பா அளவு. உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை முதல் மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பதுதான் அடர்தீவன வழக்கு. பசுந்தீவனம் நிறைவாக இருந்தால் அந்த ஒன்றரை கிலோவில் பெரும்பகுதியைப் புல்லே பார்த்துக்கொள்ளும். 11 லிட்டருக்கு 5 கிலோ, 9 லிட்டருக்கு 4, 6 லிட்டருக்கு இரண்டரை, சினை மாட்டுக்கு 2, ஐந்தாவதுக்கு 1 என்று பிரித்துப் பாருங்கள். மொத்தம் 14.5 கிலோ. தினம் 46 ரூபாய் குறையும், 11 லிட்டர் மாட்டுக்கு இப்போது இருக்கிற பட்டினியும் தீரும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள், அரை அரைக் கிலோவாக ஒரு வாரத்தில் நகர்த்துங்கள். திடீரென்று தீவனம் கூடினால் வயிறு புளித்து மாடு தின்பதையே நிறுத்தும்.

உங்கள் பட்டியலில் தாது உப்பே இல்லையே? மாட்டுக்கு 50 கிராம் என்றால் ஐந்துக்கும் மாதம் ஏழரைக் கிலோ. கிலோ 90 என்று வைத்தாலும் 675 ரூபாய். அதை மிச்சம் பிடித்துவிட்டுச் சினை ஊசிக்கும் டாக்டருக்கும் 1,500 கொடுப்பது கணக்கில் சேராது.

---

பால்_டெஸ்டர்

மேலே சொன்னது சரி. நான் விலைப் பக்கம் வர்றேன். லிட்டருக்கு 33 விழறதுக்குக் காரணம் எஸ்.என்.எஃப். உணவுப் பாதுகாப்புத் தரப்படியே பசும்பாலுக்குக் குறைந்தது ஃபேட் 3.2, எஸ்.என்.எஃப் 8.3 வேணும். உங்களது 7.9. ஜெர்சி கலப்புக்கு இது ரொம்பக் கம்மி.

மாட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அளக்கறதைப் பாருங்க. வழக்கமான கணக்கு: சி.எல்.ஆரை (பாலில் மிதக்க விடற லாக்டோமீட்டரோட திருத்தின அளவு) நாலால வகுத்து, ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, 0.36 சேர்க்கணும். கடைசி எண் இடத்துக்கு இடம் மாறும், உங்க சொசைட்டியில் எதுன்னு கேட்டுக்கோங்க. உங்க 7.9 வரணும்னா சி.எல்.ஆர் 27 இருந்திருக்கும். 28 காட்டினா 8.14, 29 காட்டினா 8.39. ஒரு புள்ளிக்கு கால் சதவீதம்.

அந்த ஒரு புள்ளி எங்கெங்கே போகும்?

கறந்த சூட்டோட, நுரையோட ஊத்தினா மீட்டர் ஆழமா இறங்கி அளவு குறைச்சுக் காட்டும். பாலில் காத்துக் குமிழி இருக்கும், சூடும் இருக்கும். 27 டிகிரிக்குத் தரப்படுத்தின மீட்டர்னா அதுக்கு மேல் சூட்டுக்குத் திருத்தம் கூட்டணும். கறந்து அரை மணி விட்டுக் கொண்டு போங்க. பால் அனலைசர் மெஷின் வெச்சிருக்கிற இடத்திலும் குமிழி தொந்தரவு உண்டு.

கேன்: அலசிட்டுக் கவுத்து வைக்காம கால் லிட்டர் தண்ணி தங்கினா, 12 லிட்டர் பாலில் அது 2 சதவீதம். 8.06 இருந்தது 7.9 ஆயிடும். யாரும் தண்ணி கலக்கலை, ஆனா கலந்த மாதிரிதான் காட்டும்.

சாம்பிள்: கேனை மேலும் கீழுமா நல்லாக் கலக்கிட்டுத்தான் எடுக்கணும். ஆடை மேலே நிக்கறப்ப அடியிலிருந்து எடுத்தா ஃபேட் போச்சு. இதைக் கூச்சப்படாம நின்னு பாருங்க, அது உங்க உரிமை.

அளவு: ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ எடை. தராசில் வைக்கிற இடத்தில், புத்தகத்தில் ஏறுறது கிலோவா லிட்டரா, ரேட் சார்ட் எதுக்குப் போட்டிருக்குன்னு ஒத்துப் பாருங்க. ஆவின் சங்கத்தில் ஊத்தறவரா இருந்தா, 2023 டிசம்பரில் அறிவிச்ச லிட்டருக்கு 3 ரூபா ஊக்கத்தொகை பட்டுவாடா சீட்டில் தனியா வருதான்னும் பாருங்க.

அளவெல்லாம் சரியா இருந்தும் 7.9 தான்னா மாட்டுக்குச் சத்து பத்தலை, குறிப்பா மாவுச்சத்து. கறவை மாட்டுக்கு ஒரு கிலோ தீவனத்தைக் குறைச்சு அந்த இடத்தில் உடைச்ச மக்காச்சோளம் கொடுத்துப் பாருங்க. இன்னொரு காரணம் வெளியே தெரியாத மடிநோய். கட்டி, வீக்கம் எதுவும் இருக்காது, ஆனா எஸ்.என்.எஃப் இறங்கும். சி.எம்.டிங்கற மடிநோய்ச் சோதனைக் கரைசல் வாங்கி நாலு காம்புப் பாலையும் தனித்தனியாப் பாருங்க. கோழை மாதிரி திரிஞ்சா அந்தக் காம்புதான். கறந்து முடிச்சதும் காம்பை அயோடின் கரைசலில் முக்கிட்டு, மாடு உடனே படுக்காம அரை மணி நிக்கற மாதிரி தீவனம் போடுங்க. காம்புத் துவாரம் மூடறதுக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

ஒரு கேள்வி: கன்னுக்கு எப்பப் பால் விடறீங்க, கறக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியா?

---

கட்டுத்தரை_கோபி

பின்னாடிதாங்க. கறந்துட்டு மிச்சத்தைக் கன்னு குடிச்சுக்கும். கறந்த கையோட சூடாத்தான் சொசைட்டிக்கும் போகுது.

6 லிட்டர் மாடு நாலு மாசச் சினை, டாக்டர் கை விட்டுப் பார்த்துச் சொன்னது. சினை நிக்காத மாடு போன ஈத்தில் உச்சத்தில் 13 லிட்டர் கறந்தது, மூணாம் ஈத்து.

---

பால்_டெஸ்டர்

அப்ப ஃபேட் எங்கே போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. முதல் பீச்சில் வர்ற பாலில் ஃபேட் 1, 2 தான் இருக்கும், கடைசிப் பாலில் 7, 8க்கு மேலே. தண்ணிப் பாலைச் சொசைட்டிக்கு ஊத்திட்டு நெய்யைக் கன்னுக்குக் கொடுக்கறீங்க. மாத்துங்க: முதலில் கன்னை விட்டுச் சுரக்க வெச்சு, அது குடிக்க வேண்டியதைக் குடிச்சதும் பிடிச்சுக் கட்டிட்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் கறங்க. கன்னுக்கும் நல்லது, கொழுப்பு அதிகமானா கழியும்.

---

சினைஊசி

13 லிட்டர் கறந்த மூன்றாம் ஈத்து மாட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம், ஆனால் காலக்கெடு வையுங்கள். இன்றே சினை பிடித்தாலும் கன்று போட 280 நாள். நாளைக்கு 92 வீதம் அதுவரை 25,760 ரூபாய் தின்னும். 13 லிட்டர் மாட்டுக்கு இது தாங்கும், 8 லிட்டர் மாட்டுக்குத் தாங்காது. தவறவிடும் ஒவ்வொரு பருவமும் (மாடு சினைக்குத் தயாராகிக் கத்தும் சமயம்) 21 நாள், அதாவது 1,932 ரூபாய் கூடுதல்.

நாலு ஊசி போட்டாயிற்று என்றால் ஐந்தாவது போடுவதற்கு முன் டாக்டரிடம் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பருவத்தில் வடியும் வழும்பு முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, கண்ணாடிக் கயிறாகத் தொங்க வேண்டும். கலங்கலாகவோ வெள்ளைத் திட்டோடோ இருந்தால் உள்ளே புண் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஊசி வீண், முதலில் மருந்து.

நேரம்: காலையில் கத்தினால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. கத்தினவுடன் போன் போட்டு, ஊசிக்காரர் வேறு வேலையாக வந்த நேரத்தில் போட்டுவிட்டுப் போவதால்தான் பாதி நிற்பதில்லை. சில மாட்டுக்கு முட்டை தாமதமாக வெடிக்கும், அதற்கு 24 மணி கழித்து இரண்டாவது ஊசி போடலாம். கோடையில் பல மாடுகள் கத்தாது. வாலைத் தூக்கி வைப்பது, அன்றைக்குப் பால் குறைவது, விடியற்காலையில் படுத்திருந்த இடத்தில் வழும்பு ஒட்டியிருப்பது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். சாணி அள்ளும் முன் தரையைப் பார்க்கிற பழக்கம் போதும்.

உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்துப் போடப்பட வேண்டும். சட்டைப்பையில் வருகிற குச்சியை மாட்டுக்குப் போட விடாதீர்கள்.

கட்டுத்தரைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, கன்று போட்ட நாள், பருவம், ஊசி, 21ஆம் நாள், 90ஆம் நாள் சினைப் பரிசோதனை என்று மாட்டுக்கு ஒரு நிறத்தில் குறியுங்கள். கன்று போட்ட 60 முதல் 90 நாளுக்குள் முதல் ஊசி. இன்னும் மூன்று பருவம் பாருங்கள், தாது உப்போடு. அதற்குள் நிற்கவில்லை என்றால் விற்றுவிடலாம்.

---

வேலிமசால்

அரை ஏக்கர் கோ-5 வெச்சுக்கிட்டு நாளைக்கு 25 கிலோ வைக்கோல் காசு கொடுத்து வாங்கறது எனக்குப் புரியலை. நல்ல பராமரிப்பில் ஏக்கருக்கு வருஷம் 150 டன் வரைக்கும் எடுக்கலாம்னு சொல்ற ரகம் அது. நம்ம காட்டில் பாதி வந்தாலே அரை ஏக்கரில் நாளைக்கு 100 கிலோ. அஞ்சு மாட்டுக்குத் தலைக்கு 20 கிலோ. வருதா?

வரலைன்னா அறுக்கற முறை தப்பு. காட்டை ஒன்பது பாத்தியாப் பிரிங்க. ஒரு பாத்தி அஞ்சு நாளைக்கு. ஒன்பதாவது முடியறப்ப முதல் பாத்திக்கு 45 நாள் ஆகியிருக்கும். 70 நாள் விட்டா தண்டு கரும்பு மாதிரி முத்திடும், மாடு இலையைத் தின்னுட்டுத் தண்டைத் தொட்டியிலேயே விட்டுடும். தரையோட ஒட்டி அறுங்க, அறுத்த அன்னைக்கே தண்ணி, சாணிக்கரைசல். புல் நறுக்கும் மெஷின் இல்லாம முழுசாப் போட்டா காலில் மிதிச்சே கால்வாசி போகும்.

வைக்கோலை ஒரேயடியா நிறுத்தக் கூடாது. நார்ச்சத்து குறைஞ்சா ஃபேட் விழும். தலைக்கு 3 கிலோ போதும். நாளைக்கு 10 கிலோ குறைஞ்சா 60 ரூபா, மாசம் 1,800.

புல் மட்டும் போதாது, மூணில் ஒரு பங்கு பயறு வகை வேணும். வரப்பு ஓரமும் ஒரு பத்து சென்ட்டும் வேலிமசால்ங்கற பயறு வகைத் தீவனம் போடுங்க. விதைத் தோல் கடினம், அப்படியே விதைச்சா முளைக்காது. கொதிச்ச தண்ணியை இறக்கி நாலு நிமிஷம் ஆறவிட்டு, அதில் விதையை அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, ராத்திரி பச்சத்தண்ணியில் ஊற வெச்சு விதைங்க. 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளைக்கு ஒரு தடவை. இதையும் வெறும் வயித்தில் மொத்தமாப் போட்டுடாதீங்க. புல்லோட கலந்து போடுங்க. சோளப் பயிரைப் பூக்கறதுக்கு முன்னாடி, அதுவும் வாடின நிலையில் அறுத்துப் போட்டா விஷம், மாடே போயிடும்.

தீவனத்தைச் சொந்தமா அரைச்சா மிச்சம்னு சொல்வாங்க. 100 கிலோவுக்கு மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 12, பருத்திப் புண்ணாக்கு 18, கோதுமைத் தவிடு 32, தாது உப்பு 2, உப்பு 1. உங்க ஊர் சில்லறை விலையைப் போட்டுப் பாருங்க, மூட்டைத் தீவன விலைக்குப் பக்கத்திலேயே வந்து நிக்கும். அறுவடை சமயத்தில் மக்காச்சோளம் மொத்தமா வாங்கி, நல்லாக் காய வெச்சு வைக்க இடம் இருந்தாத்தான் லாபம். ஈரம் இருந்து பூசணம் பிடிச்சா அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

---

மஞ்சக்காடு

எல்லாரும் ஓட்டையையே பேசறீங்க. கணக்கில் எழுதாத ரெண்டு பக்கமும் இருக்குங்க, ஒண்ணு கசப்பு, ஒண்ணு இனிப்பு.

கசப்பு, ரெண்டு பேர் கூலி. விடியக் கருக்கலில் கறவை, சாணி, புல் அறுப்பு, மறுபடி சாயங்காலம் கறவை. கல்யாணம் காது குத்துன்னா ஒருத்தர்தான் போக முடியும். இதை எழுதினா அஞ்சு மாட்டில் லாபம் காட்டறது சிரமம். அதனால் பத்து மாடாக்கணும்னு சிலர் சொல்வாங்க. எனக்கு உடன்பாடில்லை. எட்டைத் தாண்டினா ஆள் வைக்கணும், ஆள் நின்னுபோன மாசம் மடிநோய் வரும். வீட்டு ஆள் ரெண்டு பேருக்கு அஞ்சுதான் அளவு. நாலு கறவையில் நின்னா மாட்டுக்குச் சராசரி 9 லிட்டர் வெச்சாலும் 36 லிட்டர்.

இனிப்பு, காசு வர்ற விதம். மஞ்சள் போட்டா ஒன்பது பத்து மாசம், விலை நிலவரம் பார்த்து இன்னும் காத்திருக்கணும். கரும்பு ஒரு வருஷம். பால் காசு வாரமோ பத்து நாளோ, பட்டுவாடா வந்துடும். மளிகைக் கடையில் பேர் எழுதாம வாங்கற வீடுகள் எங்க பக்கம் பாதிக்கு மேல் மாட்டை வெச்சுத்தான். தீபாவளிக்குச் சொசைட்டி லாபத்தில் ஊத்தின லிட்டருக்குத் தகுந்த போனஸ் வேற.

சாணி: மாட்டுக்கு 12 கிலோன்னா நாளைக்கு 60 கிலோ. 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு 50 கிலோ போதும், சின்னக் குடும்பத்துச் சமையல் அதில் ஓடும், வெளிவர்ற கரைசல் நேரா கோ-5க்கு. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 22 டன் பச்சைச் சாணி. இதுக்கு உங்க நோட்டில் ஒரு ரூபாகூட வரவு இல்லை. கிடாரிக் கன்னையும் விட்டுட்டீங்க. ஆண், பெண்ணுன்னு பிரிச்ச உறைவிந்து ஊட்டி நிலையத்திலேயே தயாராகுது, அது போட்டா பத்தில் ஒன்பது கிடாரி. சாதாரண ஊசியைவிடச் சினை பிடிக்கறது கொஞ்சம் கம்மிங்கறதால், நாலு தடவை நிக்காத மாட்டுக்குப் போட்டு வீணாக்காதீங்க, கிடாரிக்குப் போடுங்க. வீட்டில் பிறந்து வளர்ந்த கிடாரி தலைச்சன் ஈத்தில் மடி விட்டு நிக்கறதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ரேட் சார்ட் கிடையாது. சந்தையில் வாங்கற மாட்டோட பொய்யும் அதுக்கிட்ட இருக்காது. வாங்கியே ஆகணும்னா மூணு வேளை நின்னு கறந்து பார்த்து வாங்குங்க. ஒரு வேளை கறக்காம விட்டு மடியைக் காட்டறது சந்தையில் பழைய வித்தை.

---

கட்டுத்தரை_கோபி

ரொம்ப நன்றிங்க. தாது உப்பு, கன்னு விடற முறை ரெண்டையும் நாளைக்கே மாத்தறோம். புல்லை 65, 70 நாளில்தான் அறுத்துட்டு இருந்தோம், நறுக்கற மெஷினும் இல்லை. பக்கத்தில் நாலு வீட்டுக்கு நேரா ஊத்தினா நல்ல விலை கிடைக்குது, அதைச் செய்யலாமா? கடனுக்கு ஏதாவது வழி இருக்கா?

---

ஐந்தொகை

வீட்டுக்கு ஊற்றுவது நல்லதுதான், ஆனால் மொத்தப் பாலையும் சங்கத்துக்குக் கொடுக்கும் உறுப்பினருக்குத்தான் உணவுப் பாதுகாப்புப் பதிவிலிருந்து விலக்கு. வெளியே விற்றால் பதிவு எடுக்க வேண்டும், சிறு விற்பனையாளருக்கு வருடம் 100 ரூபாய். சொசைட்டியை முழுக்க விட்டுவிடாதீர்கள். வீடுகள் லீவில் ஊருக்குப் போகும், மாடு லீவு எடுக்காது. தினம் 5 லிட்டருக்கு மேல் வீட்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடன்: மாடு வாங்கின தவணைக் கடனை அப்படியே கட்டி வாருங்கள். தீவனச் செலவுக்குக் கால்நடைக்கான கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. இது நடைமுறைச் செலவுக்கு, இதை எடுத்து மாடு வாங்கினால் அடுத்த வருடம் திருப்பிக் கட்டும்போது மாட்டும்.

கடன் இருக்கிற மாட்டுக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாலிசியின் கடைசி தேதியைப் பாருங்கள். காது வில்லை விழுந்திருந்தால் உடனே எழுத்தில் தெரிவித்துப் புது வில்லை போட்டு எண்ணைப் பாலிசியில் ஏற்றுங்கள். வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை. மாடு இறந்தால் கம்பெனிக்குச் சொல்லி, டாக்டர் பிரேதப் பரிசோதனை முடித்துச் சான்று தரும்வரை புதைக்கக் கூடாது. ஏழு மாசச் சினை மாட்டுக்கு இதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். கன்று போட்ட முதல் மூன்று நாளில்தான் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மாடு விழும், கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிட்டால் டாக்டருக்கு உடனே போன். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.